‘உண்மை’ என்று தலைப்பிட்ட பக்கம்: டா வின்சி கோட் மறுவாசிப்பு நாட்குறிப்பு

ஜனவரி 4

இருபது ஆண்டுகளுக்கு முன் ஒரே மூச்சில் படித்து முடித்த ‘தி டா வின்சி கோட்’ நாவலை மீண்டும் எடுத்திருக்கிறேன். எங்கள் வாசிப்பு வட்டத்தில் இருப்பவர்கள் ஐந்து பேர். இம்முறை நாங்கள் வைத்துக்கொண்ட நிபந்தனை ஒன்றுதான்: முதன்முதலில் படித்தபோது என்ன நினைத்தோம் என்பதையும் இப்போது என்ன நினைக்கிறோம் என்பதையும், வெட்கப்பட வேண்டியதாக இருந்தாலும், மறைக்காமல் சொல்ல வேண்டும். இயேசு மகதலா மரியாவை மணந்தார், அந்த வம்சத்தின் இரகசியத்தைச் சியோன் மடம் என்ற சங்கம் காத்து வருகிறது என்ற கற்பனையில் எழுந்த டான் பிரவுனின் இந்தத் துப்பறியும் நாவல் 2003 மார்ச்சில் அமெரிக்காவில் வெளிவந்தது; உலகெங்கும் எட்டுக் கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கிறது. இவ்வளவு பேர் படித்த நூலைப் பற்றி நான் கேட்ட கருத்துகளில் பெரும்பாலானவை ‘கீழே வைக்க முடியவில்லை’, ‘எல்லாம் கட்டுக்கதை’ என்ற இரண்டு வாக்கியங்களில் ஒன்றாகவே இருந்திருக்கின்றன. சிலர் இரண்டையும் சேர்த்தே சொல்வார்கள்.

என்னுடைய பழைய பிரதி யாரிடமோ போய்த் திரும்பவில்லை. இப்போது கையில் இருப்பது முகம் தெரியாத ஒருவர் படித்துக் கைமாறிய பிரதி. அவர் ஓரங்களில் பென்சிலால் குறிகள் இட்டிருக்கிறார். முதல் குறி, கதை தொடங்குவதற்கு முன்பே, ‘உண்மை’ என்று தலைப்பிட்ட பக்கத்தில் இருக்கிறது: தலைப்புக்கு அடியில், பென்சிலை அழுத்திப் போட்ட இரட்டைக் கோடு.

ஜனவரி 6

அந்த ஒரு பக்கத்தை இன்று நான்கு முறை படித்தேன். சியோன் மடம் என்னும் இரகசியச் சங்கம் 1099-இல் நிறுவப்பட்டது, அது உண்மையான அமைப்பு என்று பக்கம் தொடங்குகிறது. அதன் உறுப்பினர் பட்டியலில் நியூட்டன், போட்டிசெல்லி, விக்டர் ஹியூகோ, லியொனார்டோ டா வின்சி ஆகியோர் இருந்ததைக் காட்டும் ஆவணங்களைப் பாரிஸின் தேசிய நூலகம் 1975-இல் கண்டெடுத்தது என்கிறது. ஓபஸ் தேயி என்ற கத்தோலிக்க அமைப்பைக் குறிப்பிட்டுவிட்டு, இந்நாவலில் வரும் கலைப்படைப்புகள், கட்டடங்கள், ஆவணங்கள், இரகசியச் சடங்குகள் ஆகியவற்றின் விவரிப்புகள் அனைத்தும் துல்லியமானவை என்ற உறுதிமொழியோடு முடிகிறது.

நாவலாசிரியர் பொய் சொல்லலாம். அதற்காகத்தான் அவரிடம் போகிறோம். ஆனால் பொய் சொல்லும் இடத்துக்கும் சொல்லாத இடத்துக்கும் நடுவே ஒரு வாசற்படி உண்டு என்று வாசகர் நம்புகிறார். அந்தப் படியைத் தாண்டும் முன்பே, திண்ணையில் உட்கார வைத்துச் சொல்லும் சொல்லை அவர் வேறு காதால் கேட்கிறார். இந்த நாவலைப் பற்றிய சண்டைகளில் பெரும்பாதி இந்தப் பக்கத்தால் வந்தது என்று இப்போதே எழுதி வைக்கிறேன். பிறகு மாற்றிக்கொள்ள நேர்ந்தால் மாற்றிக்கொள்கிறேன்.

ஜனவரி 9

சியோன் மடம் உண்மையான அமைப்புதான் என்பதில் ஐயமில்லை. 1956-இல், பிரான்ஸின் கிழக்கு எல்லையோரத்தில் உள்ள சான் ஜூலியன் ஆன் ஜெனவுவா என்ற சிற்றூரில் பியர் பிளான்டார் என்பவர் சிலரோடு சேர்ந்து அதைச் சட்டப்படி பதிவு செய்தார். சியோன் என்ற பெயர் ஜெருசலேமிலிருந்து வந்ததன்று. அந்த வட்டாரத்துக் குன்று ஒன்றின் பெயர் அது. சங்கம் அப்போது நடத்திய சிறு பத்திரிகை, குறைந்த வாடகைக் குடியிருப்புகளில் வசிப்போரின் உரிமைகளைப் பேசியது. இயேசு தம் கடைசி உணவில் பயன்படுத்தியதாகச் சொல்லப்படும் புனிதக் கிண்ணத்தைக் காக்கப் புறப்பட்டவர்கள் வாடகைதாரர்களின் குறைகளைப் பேசிக்கொண்டிருந்தார்கள் என்பதைப் படித்தபோது வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்; அதற்குப் பிறகு, அந்தப் பத்திரிகையின் மீது எனக்கு உண்மையான மரியாதையும் வந்தது.

நூலகம் ‘கண்டெடுத்ததாக’ச் சொல்லப்படும் ஆவணங்களை 1960-களில் அந்நூலகத்தில் கொண்டுபோய்ச் சேர்த்ததே பிளான்டாரும் அவருடைய நண்பர்களும்தான். தாமே புதைத்த குடத்தைத் தாமே தோண்டி எடுத்துப் புதையல் என்ற கதை. 1993-இல் ஒரு விசாரணை நீதிபதியின் முன் பிளான்டார் எல்லாம் தம் கற்பனை என்று ஒப்புக்கொண்டார், 2000-இல் இறந்தார். நாவல் வெளிவந்தது அதற்கு மூன்று ஆண்டுகள் கழித்து.

ஜனவரி 12

முதல் கூட்டம். வரலாற்று ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற ஐயா, நூல் முழுவதும் கட்டம் போட்ட நோட்டில் பிழைகளைப் பக்க எண்ணோடு எழுதி வந்திருந்தார். பாரிஸின் லூவர் அருங்காட்சியக வாசலில் உள்ள கண்ணாடிப் பிரமிடில் 666 கண்ணாடிகள் இருப்பதாகவும், அது அதிபர் மித்தராந்தின் கட்டளை என்றும் நாவல் சொல்கிறது. அருங்காட்சியகம் தரும் கணக்கு 673. ‘ஏழு கண்ணாடியில் என்ன கெட்டுவிட்டது?’ என்று எங்களில் இளையவனான தம்பி கேட்டான். ஏழில் ஒன்றும் கெடவில்லை என்று ஐயா ஒப்புக்கொண்டுவிட்டு, அடுத்த பக்கத்தைத் திருப்பினார். சூனியக்காரிகள் என்று சொல்லித் திருச்சபை ஐம்பது லட்சம் பெண்களை எரித்தது என்கிறது நாவல். மூன்று நூற்றாண்டுகளில் ஐரோப்பாவில் அப்படிக் கொல்லப்பட்டோர் நாற்பதாயிரம் முதல் அறுபதாயிரம் பேர் என்பது இன்றைய வரலாற்றாசிரியர்களின் பொதுவான மதிப்பீடு. அவர்களில் ஆண்களும் உண்டு. தண்டனை வழங்கியவற்றில் பல, அரசு சார்ந்த நீதிமன்றங்கள். உண்மையில் இறந்த அத்தனை பேரும் போதாதவர்கள் என்பதுபோல நூறு மடங்காகப் பெருக்கிச் சொல்வது அவர்களுக்குச் செய்யும் அவமரியாதை என்று ஐயா சொன்னபோது அவர் குரல் சற்றே உயர்ந்தது. அதன் பிறகு தம்பி ஏழு கண்ணாடிகளைப் பற்றிப் பேசவில்லை.

தம்பிக்கு நாவல் பிடித்திருக்கிறது. அதைச் சொல்லக் கூச்சப்பட்டான். சல்மான் ருஷ்டி, மோசமான நாவல்களுக்கே கெட்ட பெயர் வாங்கித் தரும் அளவுக்கு மோசமான நாவல் என்று இதைக் குறித்துச் சொன்னதை எங்கோ படித்துவிட்டானாம். பெரியவர்கள் ஏசிய நூலை ரசித்ததற்காக யாரும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை என்று நாங்கள் நால்வரும் ஒரே குரலில் சொன்னோம்.

ஜனவரி 15

சித்திக்கு ஆங்கிலம் படிக்க வராது. ஆனால் கதை கேட்கும் ஆர்வத்தில் எங்கள் ஐவரையும் விஞ்சுவார். இரவுதோறும் நான்கு அத்தியாயங்களாக அவருக்குத் தமிழில் சொல்லி வருகிறேன். லூவரின் காப்பாளர் சோனியேர் குண்டடிபட்டு இறக்கும் தறுவாயில் தரையில் எழுதிவைத்த வரிகளில் தடுமாறிவிட்டேன். ‘ஓ, டிராகோனியன் டெவில்! ஓ, லேம் செயின்ட்!’ என்ற இரண்டு வரிகளின் ஆங்கில எழுத்துகளைக் கலைத்து அடுக்கினால் லியொனார்டோ டா வின்சியின் பெயரும் மோனா லிசாவின் பெயரும் வந்துவிடும். தமிழில் மெய்யும் உயிரும் ஒட்டிக்கொண்டு ஓரெழுத்தாக நிற்பதால் அந்த விளையாட்டு அப்படியே வராது. தாளில் எழுதிக் காட்டியும் சித்திக்குச் சுவை எட்டவில்லை. கடைசியில், ‘விகடகவி’யைத் திருப்பிப் படிப்பது போன்ற ஒரு வித்தையா என்று கேட்டார். ஏறக்குறைய அப்படித்தான் என்றேன்.

பிறகு அவர் சொன்ன கருத்தை எந்த மதிப்புரையிலும் நான் படித்ததில்லை: சாகப் போகிற மனிதன் பேத்தியிடம் சொல்ல வேண்டியதை நேராகச் சொல்லிவிட்டுச் சாகக் கூடாதா? பகைவர்களுக்குத் தெரியாமல் சொல்ல வேண்டியிருந்தது என்று நாவலின் சார்பில் வாதாடினேன். அப்படியானால் பேத்தியோடு பத்து ஆண்டுகள் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தது அவர் தப்பு என்றார். சங்கேதங்கள் அனைத்தையும் உரித்துவிட்டுப் பார்த்தால் இந்தக் கதையில் எஞ்சுவது, மனத்தாங்கலில் பிரிந்துபோன ஒரு தாத்தாவும் பேத்தியுமே என்பதை நானாகக் கண்டுபிடித்திருக்க மாட்டேன்.

ஜனவரி 19

இன்றைய கூட்டம் முழுவதும் ‘இறுதி இராவுணவு’ ஓவியத்தில் போயிற்று. மிலான் நகரின் சான்தா மரியா தெல்லே கிராட்சியே மடத்தின் உணவுக்கூடச் சுவரில், 1495 முதல் 1498 வரையிலான ஆண்டுகளில் லியொனார்டோ தீட்டியது. ஈரச்சுவரில் விரைந்து வரையும் முறையை விட்டு, காய்ந்த சுவரில் நிதானமாக வரைந்ததால் அவர் காலத்திலேயே வண்ணம் உரியத் தொடங்கிவிட்டது. இயேசுவுக்கு வலப்பக்கத்தில் தாடியின்றிச் சாய்ந்திருப்பவர் பெண், அவரே மகதலா மரியா என்பது நாவலில் டீபிங் என்ற அறிஞர் பாத்திரத்தின் வாதம். முதன்முதலில் படித்த இரவில் நான் அந்த ஓவியத்தைத் தேடி எடுத்துப் பார்த்து, பெண்தான் என்று சத்தியம் செய்யத் தயாராக இருந்தேன். சொல்லிக்கொடுத்த பின் பார்க்கும் கண்ணுக்குத் தெரியாதது எதுவுமில்லை.

அக்கா ஓவியத்தின் பெரிய அச்சுப்படி ஒன்றை விரித்து, தலைகளை எண்ணச் சொன்னார். பதின்மூன்று. அவர் மரியா என்றால் யோவான் எங்கே போனார் என்று கேட்டார். சீடர்களில் இளையவரான யோவானைத் தாடியில்லாத, மென்முக இளைஞராக வரைவது அக்காலத்து இத்தாலிய ஓவியர்களின் பொதுவழக்கு. பேதுரு அவர் பக்கம் சாய்ந்து, கையில் கத்தியோடு மிரட்டுவதாக நாவல் சொல்லும் காட்சிக்கும் நற்செய்தியிலேயே விளக்கம் இருக்கிறது. ‘உங்களுள் ஒருவன் என்னைக் காட்டிக்கொடுப்பான்’ என்று இயேசு சொன்னவுடன், அது யாரென்று கேட்கும்படி பேதுரு அருகிலிருந்த சீடருக்குச் சைகை காட்டினார் என்கிறது யோவான் நற்செய்தியின் 13-ஆம் அதிகாரம். அந்தச் சீடர் பேதுருவின் பக்கம் திரும்புவதால்தான் இயேசுவுக்கும் அவருக்கும் இடையில் அந்த ஆப்பு வடிவ இடைவெளி விழுகிறது. அதே இரவில் தலைமைக் குருவின் பணியாளனின் காதை வெட்டப்போகும் கை அது என்பதற்கு முன்குறிப்பே கத்தி.

சங்கேதத்தைத் தேடி நெடுந்தூரம் போனவர்கள் அந்த ஒரு வசனத்தைப் படிக்காமல் போனார்கள் என்பதே இன்றைய கூட்டத்தின் மொத்தச் சுவை.

ஜனவரி 23

என் பிரதியின் பென்சில்காரரைப் பற்றி. ஐம்பதாம் அத்தியாயம் வரை அவர் ஓரத்தில் வியப்புக்குறிகளாகப் போட்டிருக்கிறார். டீபிங் தம் மாளிகையில் பேசத் தொடங்கியதும் கேள்விக்குறிகள் வருகின்றன. கிறிஸ்தவ ஆயர்கள் கூடி விவாதித்த நைசியா சங்கம் பற்றிய பத்தியின் பக்கத்தில் மூன்று கேள்விக்குறிகள். அந்தப் பத்தியோடு எனக்கும் ஒரு பழைய கணக்கு இருக்கிறது.

நாவலைப் படித்த சூட்டில், கிறிஸ்தவரான என் நண்பரிடம், இயேசுவைக் கடவுளாக்கியது 325-ஆம் ஆண்டில் நடந்த ஒரு வாக்கெடுப்பு, அதுவும் நூலிழையில் வென்றது என்று, படித்தறிந்தவன் தோரணையில் சொன்னேன். அவர் மறுத்துப் பேசவில்லை. பேச்சை வேறு பக்கம் திருப்பினார். நான் அதை என் வெற்றியாக எடுத்துக்கொண்டேன். அந்த நண்பர்தான் எங்கள் வட்டத்தின் ஐந்தாவது ஆள்.

ஜனவரி 26

இன்று கூட்டம் தொடங்கியதும் நானே அந்தப் பழைய பேச்சை எடுத்தேன். நண்பருக்கு அது மறக்கவே இல்லை. அன்று பதில் தெரியாமல்தான் பேசாமல் இருந்தாராம். வீட்டுக்குப் போய், தாம் வாரந்தோறும் சொல்லும் விசுவாச அறிக்கை எங்கிருந்து வந்தது என்று முதன்முறையாகத் தேடிப் படித்திருக்கிறார்.

அவர் சொன்னதை நினைவிலிருந்து எழுதுகிறேன். பேரரசர் கான்ஸ்டன்டைன் கூட்டிய அச்சங்கத்தில் இயேசு வெறும் மனிதரா என்பது கேள்வியாகவே இல்லை. ஆரியுஸ் என்ற குருவும் மகனை எல்லாப் படைப்புக்கும் முற்பட்டவராகவே கொண்டார். மகன் தந்தையால் படைக்கப்பட்டவரா, தந்தையோடு ஒரே பொருளானவரா என்பதில்தான் பிணக்கு. வந்திருந்த இருநூற்றுக்கும் மேற்பட்ட ஆயர்களில் முடிவை ஏற்காமல் ஆரியுஸோடு நாடுகடத்தப்பட்டவர்கள் இரண்டே பேர். விவிலியத்தில் எந்த நூல்களைச் சேர்ப்பது என்பது அங்கே பேசப்படவும் இல்லை; இன்றைய புதிய ஏற்பாட்டின் இருபத்தேழு நூல்களும் ஒரே பட்டியலாக வருவது, அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியுஸ் 367-இல் எழுதிய கடிதத்தில். அரசியல் இல்லாமல் நடந்த சங்கம் என்று தாம் சொல்லவில்லை, பேரரசர் அவையில் உட்கார்ந்திருக்கும்போது அரசியல் இல்லாமல் எப்படி இருக்கும் என்று அவரே கேட்டார்.

அவரைப் புண்படுத்தியது எது என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். இயேசு மணம் செய்திருந்தார் என்ற கற்பனையாகத்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன். அது தம்மை அவ்வளவாக உறுத்தவில்லை என்றார். நம்புகிற கோடிக்கணக்கானவர்கள் அனைவரும் ஏமாந்தவர்கள், சில அறிஞர்களுக்கு மட்டும் உண்மை தெரியும், அவர்கள் நம்மைப் பார்த்துப் பரிவோடு புன்னகைக்கிறார்கள் என்ற அந்தத் தொனிதான் உறுத்தியதாம். நான் அன்று பேசிய தொனியும் அதுவே என்று அவர் சொல்லவில்லை. நாவலை அவர் இரண்டு முறை படித்திருக்கிறார். துரத்தல் காட்சிகள் அருமை என்கிறார்.

பிப்ரவரி 2

மகதலா மரியாவுக்காகவே அக்காவுக்கு இந்த நாவல் முதலில் பிடித்திருந்தது. விலைமகள் என்ற பழியை ஒரு பெண்ணின் தலையிலிருந்து இறக்கி வைத்த நூல் என்று பல ஆண்டுகள் சொல்லிக்கொண்டிருந்தாராம். நற்செய்திகள் எதுவும் அவரை விலைமகள் என்று சொல்லவில்லை. 591-இல் திருத்தந்தை முதலாம் கிரகோரி ஆற்றிய மறையுரையில், பெயரில்லாத பாவியான பெண் ஒருவரோடு அவர் ஒன்றாக்கப்பட்டார். கீழைத் திருச்சபைகள் அப்படி ஒன்றாக்கவே இல்லை. கத்தோலிக்கத் திருச்சபையும் 1969-இல் வழிபாட்டு நாள்காட்டியைத் திருத்தியபோது அந்தக் கலப்பைக் கைவிட்டது. நாவல் வெளிவருவதற்கு முப்பது ஆண்டுகளுக்கும் முந்தைய செய்தி இது. இரகசியம் என்று சொல்ல இதில் ஒன்றுமில்லை.

மறுவாசிப்பில் அக்காவின் கருத்து தலைகீழாகிவிட்டது. யோவான் நற்செய்தியில் உயிர்த்தெழுந்த இயேசுவை முதலில் காண்பவர் மரியா. அச்செய்தியைச் சீடர்களிடம் கொண்டுபோய்ச் சொல்பவரும் அவரே. அதனால் திருத்தூதர்களுக்குத் திருத்தூதர் என்ற பட்டமே அவருக்கு உண்டு. நாவல் அவரிடம் எதைப் போற்றுகிறது? மனைவி என்பதையும், ஒரு வம்சத்தைச் சுமந்த வயிறு என்பதையும். புனிதக் கிண்ணம் என்பதே அவருடைய உடல்தான் என்கிறது. பேசிய பெண்ணைப் பாத்திரமாக்கிவிட்டுப் பெண்மையைப் போற்றுவதாகச் சொல்கிறார்கள் என்று அக்கா சொன்னார். ஐயாவின் நோட்டில் இருந்த அத்தனை பிழைகளைக் காட்டிலும் எனக்கு இது கனமாகப் பட்டது.

விவிலியத்தில் சேராத பழைய நூலான பிலிப்பு நற்செய்தியைப் பற்றியும் பேச்சு வந்தது. மரியாவைக் குறிக்கும் ‘துணைவர்’ என்ற சொல் அரமேயத்தில் மனைவியையே குறிக்கும் என்று டீபிங் முழங்குகிறார். 1945-இல் எகிப்தின் நாக் ஹம்மாதி அருகே கிடைத்த அந்நூல் கொப்திக் மொழியில் இருக்கிறது. அதிலுள்ள சொல் கிரேக்கத்திலிருந்து வந்தது. கூட்டாளி, தோழர் என்ற பொருள்களும் அதற்கு உண்டு. இயேசு அவரை முத்தமிட்டார் என்று வரும் இடத்தில், எங்கே என்ற சொல் இருக்க வேண்டிய பகுதி ஏட்டில் சிதைந்து போயிருக்கிறது. அந்த ஓட்டையை நிரப்பிக்கொண்டவர்கள் பலர்.

பிப்ரவரி 7

எனக்கு மிகவும் பிடித்த வாசகர் ஒரு நீதிபதி. 1982-இல் வந்த ஆய்வுநூல் ஒன்றின் ஆசிரியர்கள் மூவரில் இருவர், மைக்கேல் பெய்ஜென்ட்டும் ரிச்சர்ட் லீயும், தங்கள் நூலின் மையக் கருத்தை நாவல் எடுத்துக்கொண்டதாக இலண்டன் உயர் நீதிமன்றத்தில் பதிப்பாளர் மீது வழக்குத் தொடுத்தார்கள். நாவலாசிரியரும் அந்த நூலுக்குக் கடன்பட்டதை மறைக்கவில்லை: லீ டீபிங் என்ற பெயரில் முன்பாதி ஓர் ஆசிரியருடையது, பின்பாதி மற்றவரின் பெயரைக் கலைத்து அடுக்கியது. ஆனால் வழக்கின் இக்கட்டைப் பாருங்கள். தாங்கள் எழுதியது வரலாறு என்றால் வரலாற்றுக்குப் பதிப்புரிமை கோர முடியாது. கற்பனை என்றால் இத்தனை ஆண்டுகள் வரலாறு என்று விற்றது என்ன ஆவது?

நீதிபதி பீட்டர் ஸ்மித் 2006 ஏப்ரல் 7-இல் வழக்கைத் தள்ளுபடி செய்தார். அவர் தீர்ப்பின் தொடக்கப் பக்கங்களில் ஆங்காங்கே சில எழுத்துகள் சாய்வாக அச்சாகியிருந்தன. அச்சுப்பிழை என்று நினைத்தவர்கள் அவற்றைத் தொகுத்தபோது, நாவலில் வரும் ஃபிபொனாச்சி எண்வரிசையை (முந்தைய இரண்டு எண்களைக் கூட்டினால் அடுத்த எண் வரும் வரிசை) கொண்டு அவிழ்க்க வேண்டிய ஒரு சங்கேதம் கிடைத்தது. அதில் ஒளிந்திருந்தது பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி ஜாக்கி ஃபிஷரின் பெயரும் டிரெட்நாட் என்ற போர்க்கப்பலின் பெயரும்; வழக்குக்கும் அவற்றுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. நாவலை அலுவல் நிமித்தம் படித்த ஒருவரையே அது இப்படிப் பிடித்து ஆட்டியிருக்கிறது.

பிப்ரவரி 10

பாரிஸின் சான் சுல்பிஸ் தேவாலயத்துக்கு வாசகர்கள் நாவலைக் கையில் வைத்துக்கொண்டு வரத் தொடங்கியதால், தரையில் பதித்த பித்தளைக் கோடு நாவல் சொல்வதுபோலப் பழைய கோவில் ஒன்றின் எச்சமன்று, அதற்கு ரோஜாக் கோடு என்ற பெயரும் இருந்ததில்லை என்று அங்கே ஓர் அறிவிப்பை வைத்தார்கள். அது சூரிய ஒளி விழும் இடத்தைக் கொண்டு சம இரவு நாளையும் அதன் வழியாக உயிர்ப்புப் பெருவிழாவின் (ஈஸ்டர்) நாளையும் கணிக்க உதவிய கருவி. சன்னல்களில் உள்ள பி, எஸ் என்ற எழுத்துகள் சியோன் மடத்தையல்ல, தேவாலயத்தின் பாதுகாவலர்களான பீட்டரையும் சுல்பிஸையும் குறிப்பன. ஜெனோவா கர்தினால் பெர்த்தோனே 2005-இல், வாங்காதீர்கள், படிக்காதீர்கள் என்றார். லெபனான் அதற்கு முந்தைய ஆண்டே நூலைத் தடை செய்திருந்தது. தடையை விட அறிவிப்பு மேல் என்பது என் கட்சி. அறிவிப்பு, வந்தவரை நிமிர்ந்து சூரிய ஒளியைப் பார்க்க வைக்கிறது.

பிப்ரவரி 16

கடைசிக் கூட்டம். அந்த ‘உண்மை’ப் பக்கத்தைக் கிழித்துவிட்டால் நாவலைப் பற்றிய உங்கள் கருத்து மாறுமா என்று எல்லோரையும் கேட்டேன். மாறும், பிழைகளை எண்ணியிருக்கவே மாட்டேன் என்றார் ஐயா. நண்பரும் அதையே சொன்னார். அக்கா மாறாது என்றார். அவர் குறை அந்தப் பக்கத்தில் இல்லை. தம்பி சற்று யோசித்துவிட்டு, அந்தப் பக்கம் இல்லையென்றால் தான் இதைப் படித்தே இருக்க மாட்டான் என்றான். ஜனவரி 6-ஆம் தேதி நான் எழுதியது முக்கால்வாசி நிற்கிறது.

பிப்ரவரி 18

நூற்றைந்தாம் அத்தியாயமும் அதன்பின் வரும் முடிவுரையும் முடிந்தன. சித்திக்கும் சொல்லி முடித்தேன். தன் பாட்டியும் தம்பியும் உயிரோடிருப்பதை அந்தப் பேத்தி சோஃபி அறியும் இடத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கதாநாயகன் லாங்டன் நள்ளிரவில் லூவரின் கவிழ்ந்த கண்ணாடிப் பிரமிடின் முன் மண்டியிட்டதைச் சொன்னபோது கொட்டாவி விட்டார்.

பென்சில்காரரின் கேள்விக்குறிகள் ஐம்பத்தெட்டாம் அத்தியாயத்தோடு நின்றுவிட்டன. அதற்குப் பிறகு ஒரு கோடுகூட இல்லாததால், அவர் வெறுத்துப்போய்ப் பாதியில் மூடிவிட்டார் என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தேன். கடைசிப் பக்கத்தின் அடியில், சிறிய எழுத்தில், ‘முடித்தது அதிகாலை 2.40’ என்று எழுதியிருக்கிறார்.